மேனேஜரின் இடது கை

"மேனேஜர் இன்னைக்கும் இடது கைய வாயில வெச்சாரு. நக்கி நக்கிப் பாத்தாரு. அப்புறம் பல்லால பிச்சு எடுத்துத் துப்பிட்டாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சுன்னா பாத்துக்கோ!"

லிஃப்டுக்குள் நின்றுகொண்டு அண்ணி ஃபோனில் பேசிய பேச்சு இது. பக்கத்தில் டை கட்டிய ஒருவர் நின்றிருந்தார். அவரும் எங்கேயோ மேனேஜராக இருக்க வேண்டும். தன் இடது கையை மெல்ல எடுத்துப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். தன் மாடி வருவதற்கு முன்பே இறங்கியும் போய்விட்டார். அண்ணிக்கு இதெல்லாம் கண்ணில் படவே இல்லை. எலிப் பேச்சு என்று வந்துவிட்டால் அவருக்கு லிஃப்டும் ஒன்றுதான், ஆஸ்பத்திரி வராந்தாவும் ஒன்றுதான்.

மேனேஜர் என்பது ஓர் எலி. வெள்ளை உடம்பு, கறுப்புத் தலை. கூண்டுத் தோழர்கள் எல்லாம் ஏறுவதும் இறங்குவதும் குதிப்பதுமாக இருக்க, இது மட்டும் மூலையில் சாய்ந்து உட்கார்ந்து அத்தனை பேரையும் மேற்பார்வை பார்க்குமாம். சாப்பாடு வந்தால் மட்டும் முதல் ஆளாக எழுந்து வருமாம். "அப்புறம் வேற என்ன பேரு வெக்கறது?" என்பார் அண்ணி. ஆய்வுக்கூட விதிப்படி எலிகளுக்கு எண்தான், பெயர் கிடையாது. அண்ணிக்கு எண் தங்காது. கட்டின புருஷனின் பிறந்தநாளே தங்காத தலை அது.

அந்தப் புருஷன் என் அண்ணன். ஆக, நான் நாத்தனார். நாத்தனார் வந்து அண்ணியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதினால், உள்ளே எங்கேயோ ஊசி இருக்கும் என்று வாசகர்கள் சந்தேகப்படலாம். இருக்கிறதுதான். முதலிலேயே குத்திவிடுகிறேன்: அண்ணியோடு ஒரே வீட்டில் குடியிருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

வாசனைச் சோப்பு ஆகாது. "நாளைக்கு டெஸ்ட்டு இருக்கு. என் மேல புதுசா ஏதாவது மணந்தா அதுங்க மிரண்டுடும்" என்று என் செண்ட் புட்டியைச் செருப்புப் பெட்டியில் போட்டுப் பால்கனிக்கு நாடு கடத்தியவர் அவர். வீடு முழுக்க வட்ட வட்டமாகக் குட்டி வெள்ளை ஸ்டிக்கர்கள். அண்ணனின் காலரில் ஒன்று, தலையணையில் ஒன்று, ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் ஒன்று. ஒரு தடவை முழங்கையில் ஒட்டியிருந்த ஒன்றோடு ஆபீஸ் மீட்டிங் முழுவதும் உட்கார்ந்துவிட்டு வந்தேன். வாசலிலேயே அதைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ நேரமா தெரியலையா உனக்கு? எலியா இருந்தா எப்பவோ பிச்சுப் போட்டிருக்கும்" என்று என்னை ஓர் எலிக்குக் கீழே இறக்கிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

அந்தக் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது. எலியின் மீசை நடுங்குவதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண். நாம் வீட்டுக்குள் நுழைந்ததும், "புதுச் செருப்பு கட்டைவிரல்கிட்ட கடிக்குது போல" என்பார். அண்ணன் ஆபீஸில் திட்டு வாங்கிவிட்டு வந்தால் அவர் தோளைப் பார்த்தே சொல்லிவிடுவார். நான் ஒருநாள் அழுதுவிட்டு, முகத்தை நன்றாகக் கழுவிக்கொண்டு சிரித்தபடிதான் வந்தேன். ஒன்றும் கேட்காமல் டீ போட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து எனக்கு அண்ணியோடு மனசாரச் சண்டை போட முடிவதில்லை. ஒரு நாத்தனாருக்கு இது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். தண்டுவடத்தில் கழுத்துப் பக்கம் காயம்பட்ட எலிகளுக்கு, முன்னங்காலில் தொடு உணர்ச்சி திரும்புகிறதா என்று பார்ப்பது. முன்னங்கால் என்று சொன்னால் அண்ணிக்குக் கோபம் வரும்; அது கை. அந்தக் கையின் உள்ளங்கையில் ஒரு குட்டி ஸ்டிக்கரை ஒட்டி, எலியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விடுவார். கையில் உணர்ச்சி இருந்தால் எலிக்கு அது பொறுக்காது. உதறும், நக்கும், பல்லால் பிய்த்துத் துப்பும். உணர்ச்சி இல்லையென்றால் ஸ்டிக்கரோடு சாவகாசமாக முகம் துடைத்துக்கொண்டு உலாவும். எந்த எலிக்கு மருந்து போட்டிருக்கிறது, எதற்கு வெறும் உப்புத்தண்ணீர் என்பது அண்ணிக்குத் தெரியாது. தெரியவும் கூடாது, தெரிந்தால் மனசு சாய்ந்துவிடும், மனசு சாய்ந்தால் கண்ணும் சாயும்.

இதில் அப்படி என்ன ஆராய்ச்சி வேண்டிக் கிடக்கிறது என்று ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் கேட்டுவிட்டேன். அண்ணி எழுந்து நின்று இரண்டு கைகளையும் விரித்தார். "இங்க பாரு, நான்தான் உணர்ச்சி நரம்போட செல்லுன்னு வெச்சுக்கோ. தண்டுவடத்துக்கு வெளியில, பக்கத்துலயே உக்காந்திருக்கேன். இந்தக் கை தோல் வரைக்கும் போகுது. இன்னொரு கை தண்டுவடத்துக்குள்ள பூந்து மேல மூளைப் பக்கம் போகுது. தோல் பக்கம் போற கை அறுந்துட்டா மெதுவா வளந்து போய்ச் சேந்துக்கும். உள்ள போற கை அறுந்தா? அவ்ளோதான், அப்படியே நின்னுடும். ரெண்டும் என் கைதானே? ஒண்ணு வளருது, ஒண்ணு மாட்டேங்குது! அந்த மாட்டேங்கறத எப்படிக் கிளப்பறதுன்னுதான் எங்க டாக்டரம்மா மண்டைய உடைச்சுக்கறாங்க." சொன்ன வேகத்தில் மூளைப் பக்கம் போன கை ரசம்... இல்லை, நல்லவேளை, தண்ணீர் டம்ளரைத்தான் தட்டியது. அண்ணன் மடி நனைந்து துள்ளி எழுந்தார். "ம், உணர்ச்சி இருக்கு" என்று சொல்லிவிட்டு அண்ணி உட்கார்ந்தார்.

"ஏன் அண்ணி, வாயில்லாச் சீவன். அதுங்களுக்குப் போய்க் காயம் பண்ணி..." என்று இழுத்தேன் அன்றைக்கே. சிரிப்பு நின்றுவிட்டது அவருக்கு. "பாவம்தான். மயக்கம் குடுத்துதான் பண்றாங்க, வலிக்கு மருந்தும் தராங்க. அதுக்காகப் பாவம் இல்லைன்னு ஆயிடுமா? அதனாலதான் சொல்றேன், ஒரு டெஸ்ட்டு கூட வீணாப் போகக் கூடாது. வீணாப் போச்சுன்னா அதுங்க பட்டதெல்லாம் சும்மா பட்டதாயிடும்."

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பெயின்ட்டர் இருக்கிறார். சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. சக்கர நாற்காலியை வாசலில் போட்டுக்கொண்டு போகிற வருகிறவர்களை எல்லாம் வம்புக்கு இழுப்பார். சுவருக்கு அடித்த வண்ணம் சரியில்லை என்று வீட்டு உரிமையாளரை அவர் விடாமல் துரத்துவது தனிக் கதை. ஒருநாள் கொதிக்கிற பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டே டிவி பார்த்திருக்கிறார். தொடை வெந்தது அவருக்குத் தெரியவில்லை. மனைவி பார்த்து அலறிய பிறகுதான் குனிந்து பார்த்திருக்கிறார். "நடக்கறத விடும்மா. நடந்து எங்க போகப் போறேன், டீக்கடைக்கா? சுடுதுன்னா சுடுதுன்னு தெரிஞ்சா போதும் எனக்கு" என்றார் அண்ணியிடம். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அண்ணி வேலையிலிருந்து திரும்பும்போது ஒரே விசாரிப்பு: "என்ன, மேனேஜர் சௌக்கியமா?"

ஆகவே, மேனேஜர் முதன்முதலாகத் தன் இடது கையிலிருந்து ஸ்டிக்கரைப் பிய்த்துத் துப்பிய வாரம் அண்ணிக்குக் கால் தரையில் பாவவில்லை. உணர்ச்சியே இல்லாதிருந்த கை அது. மேனேஜரைத் தொடர்ந்து இன்னும் சில எலிகளும் பிய்த்துத் துப்பின. அண்ணி ஒரு பெரிய கேக் வாங்கி, துண்டு போட்டு, கட்டடத்தில் ஒரு வீடு விடாமல் கொடுத்தார். "எங்க எலிங்களுக்குக் கை தெரிய ஆரம்பிச்சுடுச்சு!" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார். விஷயம் புரியாதவர்களும் வாழ்த்துச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். பெயின்ட்டர் தன் பங்கைத் தின்று முடித்துவிட்டுத் தட்டை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். ஆய்வுக்கூடத்தில் டாக்டரம்மா வெளியூர் மாநாட்டில் இதைப் பேசுவதற்குப் பெட்டி கட்டினார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடையும் என்பார்களே, அது நடந்தது அப்போதுதான்.

அண்ணிக்கு ஒரு பழக்கம். ஸ்டிக்கரைப் பிய்த்துப்போட்ட எலிக்குக் கொசுறு மாதிரி ஒரு துணுக்கு பிஸ்கட் கொடுப்பார். யாரும் கொடுக்கச் சொல்லவில்லை. யாரும் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பாவம், கஷ்டப்பட்டு எடுத்திருக்கிறதே என்று மனசு கேட்காமல் கொடுத்ததுதான். அன்று மேனேஜரின் இடது கையைப் பிடித்து, ஸ்டிக்கரை வைத்து அழுத்தி, பெட்டிக்குள் விட்டார். மேனேஜர் உடனே கையைத் தூக்கினார். நக்கினார். பல்லால் பிய்த்தார். துப்பினார். பிறகு நிமிர்ந்து அண்ணியின் முகத்தைப் பார்த்தார். அண்ணி பிஸ்கட்டை எடுக்கக் கையை நீட்டினார். ஸ்டிக்கர் அவருடைய கையுறைக் கட்டைவிரலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

மேனேஜர் பிய்த்துத் துப்பியது வெறும் காற்றை!

"அட களவாணின்னு முதல்ல சிரிச்சுட்டேன்டி" என்றார் அண்ணி, வீட்டுக்கு வந்து என்னிடம். "சிரிச்சுக்கிட்டே இருக்கும்போதே சுருக்குன்னு உறைச்சுது பாரு. நான் அதோட மொத்தக் கையையும் பிடிச்சுத் தூக்கறேன். தோள் அசையுது, உடம்பு சாயுது. உள்ளங்கை தெரியணும்னே இல்ல. இந்தம்மா பிடிச்சா கைய வாயில வெய்யி, பிஸ்கட் வரும். அவ்ளோதான் அதுக்குத் தெரிஞ்ச சங்கதி. அதுக்குக் கை தெரியுதா, பிஸ்கட் தெரியுதா? எனக்கே தெரியலடி இப்ப."

அண்ணன், பாவம், நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: "ஒரு எலிதானே? டாக்டரம்மா போய்ட்டு வந்ததும் மெதுவாச் சொல்லிக்கலாமே." அண்ணி அவரைப் பார்த்த பார்வையில், சமையலறையில் எனக்கு ஏதோ அவசர வேலை நினைவுக்கு வந்துவிட்டது.

மறுநாள் காலையில் டாக்டரம்மா கட்டி வைத்திருந்த பயணப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அண்ணி நடந்ததைச் சொன்னார். அன்றைக்கே மற்ற எலிகளின் கையையும் ஸ்டிக்கர் இல்லாமல் வெறுமனே அழுத்திப் பார்த்ததில் பாதிக்கு மேல் காற்றைப் பிய்த்துத் துப்பியதையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். "நாம எலியப் பழக்கறோம்னு நினைச்சோம். அதுங்க உன்னைப் பழக்கியிருக்கு" என்றார். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்திருக்கிறார்கள். பிறகு டாக்டரம்மா பெட்டியைத் திறந்து மாநாட்டுத் தாள்களை வெளியே எடுத்து வைத்தார். மாநாட்டுக்குப் போன டாக்டரம்மா வேறு எதையோ பேசிவிட்டுத் திரும்பி வந்தார்.

அடுத்து அண்ணி செய்ததுதான் எங்கள் கட்டடத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கப்படுகிறது. கேக் கொடுத்த அத்தனை வீட்டுக் கதவையும் மறுபடி தட்டினார். "அன்னைக்கு எலிக்குக் கை தெரியுதுன்னு சொன்னேன்ல, அது தப்பா இருக்கலாம். இன்னும் உறுதியாத் தெரியல" என்றார். மூன்றாவது மாடி டெய்லரம்மா கையில் கத்தரிக்கோலோடு திகைத்துப்போய், "ஐயையோ, கேக்கத் தின்னுட்டோமேம்மா!" என்றாராம்.

கீழ்த்தளத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார். கூட நானும் போனேன். பெயின்ட்டர் முழுவதையும் கேட்டார். நாற்காலியின் பிரேக்கைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தார். அண்ணி தலையைத் தூக்கவே இல்லை. "மன்னிச்சுடுங்கண்ணே. அவசரப்பட்டு வாய விட்டுட்டேன்."

"அடப் போம்மா. பொய்யான நல்ல சேதிய வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, ஃப்ரேம் போட்டு மாட்டறதா?" என்றார் அவர். "போ, போய் ஒழுங்காப் பாரு. அந்த மேனேஜர் பய பிஸ்கட்டுக்குத்தான் ஆடினான்னா அதையும் வந்து சொல்லு."

புது ஏற்பாடு இப்படி: எலிக்கு பிஸ்கட் கிடையாது. எலியின் இரண்டு கைகளையும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி பிடித்து அழுத்த வேண்டும். சில தடவை ஸ்டிக்கர் இருக்கும், சில தடவை வெறும் விரல் அழுத்தம். ஸ்டிக்கர் இருக்கும்போது மட்டும் எலி கையைத் தேடினால் கை தெரிகிறது. இல்லாதபோதும் தேடினால் பிஸ்கட் தெரிகிறது. முக்கியமான விஷயம், இதைச் செய்பவர் அண்ணியாக இருக்கக் கூடாது. அண்ணி முகத்தைக் கண்டாலே அவை கையைத் தூக்குகின்றன. பக்கத்து ஆய்வுக்கூடத்திலிருந்து மீன் ஆராய்ச்சி செய்யும் ஓர் அம்மாளை இரவல் வாங்கினார்கள். அவருக்கு எலி என்றாலே ஆகாது. "மீனுன்னா மரியாதையா தண்ணிக்குள்ள இருக்கும். இது என்ன, ஆளப் பாக்குது!" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே வேலை செய்தார். இதைவிடத் தோதான ஆள் கிடைக்க முடியாது.

அண்ணி அடுத்த அறையில் உட்கார்ந்து திரையில் பார்க்கலாம். அவ்வளவுதான். பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு வந்தவர் மாதிரி ஆகிவிட்டார். முதலில் கொஞ்ச நாள் மேனேஜர் ஸ்டிக்கர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காற்றைப் பிய்த்து, நிமிர்ந்து பார்த்து, பிஸ்கட் வராமல் ஏமாந்தார். பிறகு சீச்சீ என்று விட்டுவிட்டார். ஸ்டிக்கர் ஒட்டியிருந்தும் கையைப் பார்க்கவே இல்லை. இடது உள்ளங்கையில் வெள்ளை வட்டத்தோடு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார். வாரங்கள் போயின. வீட்டில் அண்ணி எலிப் பேச்சையே நிறுத்திவிட்டார். லிஃப்டில் நிம்மதியாக ஏறி இறங்க முடிந்தது. எனக்கு அந்த நிம்மதி கொஞ்சமும் பிடிக்கவில்லை. என் செண்ட் புட்டிகூடப் பால்கனியிலிருந்து தானாகவே என் அலமாரிக்குத் திரும்பி வந்துவிட்டது. நான் அதைத் திறக்கவில்லை. "பிஸ்கட்தான் போல" என்றார் ஒருநாள், பாத்திரம் கழுவிக்கொண்டே, யாரிடமும் என்றில்லாமல்.

பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்று டாக்டரம்மாவிடம் கெஞ்சி, ஒருநாள் அண்ணியோடு நானும் அந்தத் திரை அறைக்குள் நுழைந்தேன். வாசலிலேயே எச்சரித்துவிட்டார் அண்ணி: "மூச்சு விடலாம். பேசறதுன்னா காதோட காதா. நடுவுல இருக்கறது மெல்லிசான சுவரு, சத்தம் கேட்டா அதுங்க பயந்துடும், டெஸ்ட்டு போச்சு." பெட்டியின் தரை கண்ணாடி, கேமரா அதற்குக் கீழே. எலி நின்றால் அதன் உள்ளங்கைகள் திரையில் இளஞ்சிவப்பாகத் தெரியும். அவ்வளவு சின்னக் கைகள். விரல்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன.

மீன் அம்மாள் மேனேஜரை ஸ்டிக்கர் ஒட்டாமல் உள்ளே விட்டார். வெறுங்கை. மேனேஜர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மூலையில் உட்கார்ந்தார். எடுத்து, அழுத்தி, மறுபடி விட்டார். இந்தத் தடவை இடது கையில் வெள்ளை வட்டம். மேனேஜர் முகம் துடைத்தார். காதைச் சொறிந்தார். மூலையைப் பார்த்து நடந்தார். அண்ணி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். பாதி வழியில் மேனேஜர் நின்றார். இடது கையைத் தரையிலிருந்து தூக்கினார். ஓர் உதறு. மறுபடி ஓர் உதறு. பிறகு அதை முகத்துக்குக் கொண்டுபோய் முகர்ந்து, பல்லால் பிய்த்து, ஓரமாகத் துப்பிவிட்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் தன் மூலைக்குப் போனார்.

"அண்ணி..." என்றேன்.

"இரு, இரு." என் மணிக்கட்டை அவர் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. "ஒண்ண வெச்சு ஆடக் கூடாது."

அடுத்தது வெறுங்கை. மேனேஜர் கையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்ததும் வெறுங்கை. மீசையை நீவிக்கொண்டார். அடுத்தது ஸ்டிக்கர். நான்கு எட்டு வைப்பதற்குள் நின்றார், இடது கையைத் தூக்கினார், உதறினார், கடித்தார், துப்பினார். சுவருக்கு அந்தப் பக்கம் மீன் அம்மாளின் எரிச்சல் மெல்லக் கேட்டது: "துப்பறதப் பாரு, என் மூஞ்சிக்கு நேராவே!"

"மருந்து வேலை செஞ்சுடுச்சா?" என்று அண்ணியின் காதில் கேட்டேன்.

"தெரியாது. இவனுக்குப் போட்டது மருந்தோ உப்புத்தண்ணியோ, அத எழுதி ஒட்டி வெச்ச உறைய இன்னும் பிரிக்கல. தானா வந்ததாக்கூட இருக்கும்." கண்ணில் வழிந்ததைத் துடைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை. "ஆனா கை தெரியுதுடி அவனுக்கு. அவனுக்குக் கை தெரியுது!"

திரையில் அடுத்த எலி பெட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சத்தம் கூடாது. அண்ணி எழுந்தார். இரண்டு ஷூக்களையும் ஓசைப்படாமல் கழற்றிச் சுவரோரம் ஜோடியாக வைத்தார். வெள்ளைக் கோட்டின் நுனியைச் சுருட்டி வாயில் கவ்விக்கொண்டார். பிறகு, வெறும் காலுறையோடு, அந்தச் சின்ன அறையின் நடுவில், பொட்டுச் சத்தம் எழாமல் குதித்துக் குதித்து ஆடினார்.